ஷோகேஸ் மேலிருந்து வந்த குரல்

எய்யா,

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ கனடாவிலிருந்து போன் செய்து என்னிடம் தமிழில் பேசினாய். இரண்டே வாக்கியம். அதற்குள் நான் போனைத் துண்டித்து வீசிவிட்டேன். பிறகு நீ எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. எதிர் வீட்டு மாதவியிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினேனே தவிர, காரணம் சொல்லவில்லை. நீ எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தாயாம், அப்பாவைப் பற்றிய ஒரு கேள்வியை அவர் மொழியிலேயே கேட்க வேண்டும் என்று. நீ மாதவிக்கு எழுதியதை அவள் எனக்குப் படித்துக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று நீ நினைத்திருப்பாய். அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

நேற்று மாதவிக்கு இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். அம்மா போனை எடுக்கவில்லை, பயமாக இருக்கிறது, சனிக்கிழமை ஒரு ஆள் வந்து வீட்டில் புதுக் கேமரா மாட்டுவார் என்று. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த ஆள் வந்து போயிருப்பார். நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வரும் என்று சொல்லியிருக்கிறாய். புரியாத இடத்தை உன் வாத்தியாரிடம் கேட்காதே. இது நம் வீட்டு விஷயம்.

உன் அம்மா இயந்திரத்தைக் கண்டு மிரளுகிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். செகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டிலிருந்து காலை ஷிப்டு பஸ் பிடித்து, முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆலையில் சர்க்யூட் போர்டுகளில் சோல்டர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தவள். அந்த போர்டு எதற்குள் போகிறது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்கக் கூடாது. உன் அப்பா அதே காம்பவுண்டில் வேறு பிரிவு. வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வரும்போதும் அப்படியே. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நம் காலனியில் எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டியும் ‘இன்னைக்கு என்ன செஞ்ச?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும் என்று கேட்காமலே இருந்தோம். காய்கறி, உன் மார்க்கு, தண்ணீர் லாரி, ஊர்க் கல்யாணம் இதெல்லாம் பேசுவோம். பகல் முழுக்க நான் எங்கே என்ன செய்தேன் என்று கேட்க ஒரு ஆள் இல்லாமலே என் சர்வீஸ் முடிந்தது. அது ஒரு குறை என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

உன் கதை இன்னும் வேடிக்கை. நான் திருநெல்வேலித் தமிழில் கேட்பேன், நீ தெலுங்கில் பதில் சொல்லுவாய். அதட்டினால் இந்திக்குத் தாவுவாய். கல்லூரிக்குப் போனதும் இங்கிலீஷ். “எய்யா, இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டா?” என்றால் “நக்கோ மா” என்று வேண்டாம் சொல்வாய். “அம்மா, தின்னாவா?” என்று, நான் சாப்பிட்டேனா என்று, நீ தெலுங்கில் கேட்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய உபசாரம். நான் புலம்பினால் உன் அப்பா சிரிப்பார். “அவன் வாயில வராட்டா என்ன, காதுல விழுதுல்லா. போதும், விடு” என்பார். எனக்குப் போதவில்லை. என் வயிற்றில் பிறந்த ஒருவன் என் பாஷையில் ஒரு வாய் திருப்பிப் பேச மாட்டானா என்று எனக்கு ஏக்கம் இருந்தது. அதை உன்னிடம் சொன்னதில்லை.

அப்பா போனபோது உன் பாஸ்போர்ட் ஏதோ முத்திரைக்காக அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நீ வந்து இறங்கியது மூன்றாம் நாள். விமான நிலையத்திலிருந்து வரும் காரில் நீ இங்கிலீஷில் கேட்டாய், கடைசியில் அப்பா என்னைக் கேட்டாரா என்று. “இல்லய்யா. தூக்கத்துலயே போயிட்டாவ. யாரையும் கேக்கல” என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அது பொய். நீ அதை நம்பவில்லை என்பதும் எனக்கு அப்போதே தெரியும். வர முடியாமல் போனவனுக்கு அதையும் சொல்லிச் சுமையேற்ற வேண்டுமா என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

திரும்பிப் போவதற்கு முந்தின நாள் நீ அந்தக் கேமராவை வாங்கி வந்து ஷோகேஸ் மேலே, அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். கைப்பிடிக்குள் அடங்கும் வெள்ளை உருண்டை. அதில் பார்க்கலாம், பேசலாம், தலையைத் திருப்பலாம். ஹால் முழுக்கத் தெரியும், படுக்கையறை வாசலும் தெரியும். எல்லாம் சரியாகிவிட்டது, கவலை வேண்டாம் என்று, “செட் ஹோகயா மா, டென்ஷன் நக்கோ” என்றாய். உன் போனில் பக்கம் பக்கமாக ஏதோ நிபந்தனை வந்தது, படிக்காமலே கடைசியில் ஒப்புதல் கொடுத்தாய். ஒப்புக்கொண்டவன் நீ, பார்க்கப்படப் போகிறவள் நான். அது அப்போது உனக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. ஒரு சின்ன போர்டில் ஒரு புள்ளி கோணலாக இருந்தால் திருப்பி அனுப்பியவள், என் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்த கண்ணைத் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.

ஆரம்பத்தில் நீ சாயங்காலம் சாயங்காலம் அதில் வந்தாய். பிறகு போனில் கூப்பிடுவதே சுலபம் என்று விட்டுவிட்டாய். கேமரா சும்மா இருந்தது. அப்பாவின் வருஷத் திதி முடிந்த பிறகு ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும், அதன் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அது என் பக்கம் திரும்பியிருந்தது. நீதான் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். பதில் இல்லை. அடுத்த நாளும் அதே நேரம் திரும்பியது. நான் சமையலறைக்குப் போனால் அதுவும் அந்தப் பக்கம் திரும்பும். நான் திரும்பி வந்தால் அதுவும் கூட வரும். ஒரு வாரம் இப்படி. பிள்ளைக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, பேச வெட்கப்படுகிறான் என்று நினைத்து நான் தலையை வாரிக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு நாள் அது பேசியது. உன் குரல். சளி பிடித்தது போல மூக்கில் கொஞ்சம் அடைப்போடு வருமே, அதே குரல். “எம்மா, இன்னைக்கு என்ன செஞ்ச?” என்று கேட்டது.

எய்யா, எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு வயசில் நீ என்னை ‘எம்மா’ என்று கூப்பிட்டதே இல்லை. மத்தியானம் மூன்று என்றால் உனக்கு அங்கே விடிந்தும் விடியாத நேரம். இதெல்லாம் தெரிந்தவள்தான். ஆனால் என் பிள்ளை தமிழில் பேசிவிட்டான், அதுவும் யாருமே என்னைக் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டான் என்ற சந்தோஷத்தில் ஷோகேஸுக்கு நேரே போய் நின்றுகொண்டேன். “எப்பய்யா தமிழ் படிச்ச?” என்றேன். “ஒனக்காவத்தான்” என்றது. அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அந்த பதிலுக்குப் பிறகு வானமே இடிந்திருந்தாலும் நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்.

ஏழு வாரம் பேசினேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தேன், என்ன குழம்பு, முட்டி வலிக்கு எந்த மாத்திரை, செகந்திராபாத் மார்க்கெட்டுக்கு என்றைக்குப் போவேன், வீட்டுச் சாவியை எங்கே வைப்பேன், ஆலையில் என்ன வேலை செய்தேன் என்று எல்லாம் சொன்னேன். உன் அப்பாவிடம் சொல்லாததை, முப்பத்தொரு வருஷம் வாயை இறுக்கி வைத்திருந்ததை, ஒரு வெள்ளை உருண்டையிடம் கொட்டினேன். அது அதிகம் பேசாது. “அப்புறம்?” என்று கேட்கும். “சொல்லும்மா” என்று சொல்லும். சாயங்காலம் நீ போனில் இங்கிலீஷில் பேசும்போது நான் மத்தியானப் பேச்சை எடுக்க மாட்டேன். அதை நீ தனியாக வைத்திருக்கிறாய், கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். கேட்கக் கூடாததைக் கேட்காமல் இருப்பதில் நம் காலனிப் பெண்களுக்கு இருக்கும் பழக்கம் வேறு யாருக்கு வரும், சொல்லு. அந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது. ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

கடைசி நாள் நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து புளிச்ச கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேமரா திரும்பியது. பிறகு, “எம்மா, அப்பா கடைசியில என்னையக் கேட்டாவளா?” என்றது.

கையில் இருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டேன். காரில் நான் சொன்ன பொய் இத்தனை நாளாக நெஞ்சில் இருந்தது. பிள்ளை தன் அப்பாவின் தமிழில், அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையோடு கேட்கிறான், இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. சொன்னேன். “கேட்டாவய்யா. கேட் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசலையே பாத்தாவ. ‘அவன் வந்தா என்னைய எழுப்பு’ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாவ” என்றேன். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நீயும் அங்கே அழுகிறாய் என்று நினைத்தேன்.

அழுகை இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. கேமரா என்னை விட்டு மெதுவாகத் திரும்பியது. படுக்கையறை வாசலுக்கு நேராக வந்து நின்றது. “நான் வந்துட்டேன்லா, எழுப்பு” என்றது.

இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் எழுந்து போனேன். பட்டப்பகலில், வெளியே காய்கறி வண்டிக்காரர் ஸ்பீக்கரில் கூவிக்கொண்டு போகிறார், நான் படுக்கையறைக்குள் போய்க் கட்டிலின் அவர் படுக்கும் பக்கம் குனிந்து, “என்னங்க, பிள்ள வந்துட்டான், எந்திரிங்க” என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். தலையணையில் கை வைத்து அசைத்தேன். என் குரல் என் காதில் விழுந்த பிறகுதான் எனக்குச் சுரணை வந்தது. என் பிள்ளை இப்படிச் சொல்ல மாட்டான். எந்தப் பிள்ளையும் சொல்ல மாட்டான். திரும்பி ஹாலுக்கு வந்தேன். அது இன்னும் படுக்கையறையைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிட்டபோது சாதாரணமாகக் கேட்பது போல, “கேமராவுல பாக்கியாய்யா?” என்றேன். உனக்கு நினைவிருக்கிறதா? அந்தக் கேமராவா என்று இங்கிலீஷில் கேட்டாய். போன் மாற்றியபோதே அந்த ஆப் போய்விட்டது, ரொம்ப நாள் ஆயிற்று, இன்னும் ஓடுகிறதா அது என்று சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு ஹாலில் உட்கார முடியாமல் மாதவி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாதவி சாப்ட்வேர் கம்பெனியில் இருப்பவள் இல்லையா, அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தெலுங்கில் விளக்கினாள். நீ கல்லூரி நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் அதே பாஸ்வேர்டு, அப்பாவின் ஸ்கூட்டர் நம்பர், எங்கோ ஓரிடத்தில் கசிந்திருக்கும், அதை வைத்து உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் உள்ளே வரலாம் என்றாள். நான் உன்னோடு ஸ்பீக்கரில் பேசுவதை ஹாலிலேயே கேட்டு உன் குரலைச் செய்திருப்பார்கள். பாளையங்கோட்டைத் தங்கச்சியோடு நான் பேசுவதைக் கேட்டு நம் ஊர்ப் பேச்சைப் பிடித்திருப்பார்கள். அந்தத் தங்கச்சியிடம் ஒரு நாள் அழுதுகொண்டே அந்தக் காரில் நீ கேட்டதைச் சொன்னதும் அதே ஹாலில்தான். “யாரும்மா அது, ஆம்பளையா பொம்பளையா?” என்று கேட்டேன். ஆளே இல்லாமலும் இருக்கலாம் ஆன்ட்டி, தானாகப் பேசும்படி விட்டுவிட்டுப் போகிற புரோகிராம்கள் இருக்கின்றன என்றாள். அப்படியானால் அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவர்களுக்கு அவசரம் இருக்காது, சேர்த்து வைத்துக்கொண்டே இருப்பார்கள் என்றாள்.

அவளே என்னைப் போலீஸில் புகார் கொடுக்கக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த பையன் மரியாதையானவன், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். “க்யா கயா மேடம்?” என்றான். என்ன போயிற்று என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? பணம் போனதா, இல்லை. நகை, இல்லை. படம் எடுத்து மிரட்டினார்களா, இல்லை. அப்படியானால் அது என்னதான் செய்தது என்றான். “என்னை நலம் விசாரித்தது” என்றேன். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாதவியைப் பார்த்தான். பிறகு பாவம், ஏதோ எழுதிக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தான். கேமராவைக் கொண்டுவந்து தாருங்கள் என்றான். தூக்கிப்போட்டுவிட்டேன் என்றேன். அதுவும் பொய். துண்டில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். மின்சாரம் இல்லாமல் அது பேசாது, கேட்காது என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனாலும் மூன்று மணிக்கு அந்த பீரோவைத் தாண்டும்போது நான் சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறேன். தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. அதற்குள் நீ என்னை எம்மா என்று கூப்பிட்டிருக்கிறாய்.

இதெல்லாம் ஆகி இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். “அம்மா, எப்படி இருக்கீங்க?” என்றாய். நான் அப்போதே போனைக் காதிலிருந்து விலக்கினேன். அடுத்ததாக, “அப்பா கடைசியில் என்னைக் கேட்டாரா?” என்றாய். அதே குரல், அதே கேள்வி. வீட்டில் பிடுங்கி வைத்தது போனுக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். போனை வீசினேன், சோபாவில் விழுந்தது. உன் எட்டு மாத உழைப்பு அந்த சோபாவில் விழுந்ததை நான் அறியவில்லை. அப்பா போகும்போது பக்கத்தில் இல்லாத எந்தப் பிள்ளையும் கேட்கும் கேள்விதானே ஆன்ட்டி என்று மாதவி சொல்கிறாள். அவள் சொல்வது நியாயம். ஆனால் உன் குரல் வந்தாலே நான் அந்த மோட்டார் சத்தத்துக்காகக் காது கொடுக்கிறேன். அதனால்தான் போனை எடுக்கவில்லை. கோபமில்லை எய்யா, பயம். உன் குரலுக்கு நான் பயப்படுகிறேன், இதைவிட வேறு எதை அவர்கள் என்னிடமிருந்து எடுக்க வேண்டும்? புகார் எழுதிய அந்தப் பையனின் தாளில் இதற்கு இடம் இல்லை.

உனக்கு என்மேல் இரண்டு கோபம் வரும். உன்னிடம் பொய் சொன்னேன் என்று ஒன்று. உன் அப்பாவின் கடைசி வார்த்தையை உனக்கு முன்னால் யாரென்றே தெரியாத ஒன்றிடம் கொடுத்துவிட்டேன் என்று இன்னொன்று. இரண்டுக்கும் என்னிடம் சமாதானம் இல்லை. அந்த வார்த்தை இப்போது எந்த ஊரில், எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, அதைத் திருப்பிக் கொடு என்று யாரிடம் கேட்பது? நீ உன் பாஸ்வேர்டை மாற்று, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வை, உன் வீட்டில் அப்படி ஏதாவது கண் வைத்திருந்தால் கழற்று. உன்னைப் பார்த்துக்கொள்ள யாரையாவது நியமிக்கும்போது முதலில் உன்னைக் கேட்டார்களா என்று பார். எனக்குக் காவல் வைக்கும்போது என்னைக் கேள். அம்மா சொல்கிறாள் என்பதற்காக இல்லை, ஏமாந்தவள் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்.

கேமரா ஆளை அனுப்பாதே, நீ வா. வேலை, லீவு, டிக்கெட் எல்லாம் எனக்குத் தெரியும், இருந்தும் கேட்கிறேன். வாசலில் நின்று எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் கூப்பிடு. கதவைத் திறந்ததும் பேசுவதற்கு முன்னால் உன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்ப்பேன், தாடை, காது, நெற்றி எல்லாம். சிரிக்காதே, பொறுத்துக்கொள். அதன் பிறகு படுக்கையறைக்குப் போ. நான் ஹாலிலேயே நிற்பேன். ஒரு முறை உன் அப்பாவைப் பொய் சொல்லி எழுப்பிவிட்டேன் எய்யா. கட்டிலின் அந்தப் பக்கத்தில் இன்றுவரை என்னால் படுக்க முடியவில்லை, அவர் எழுந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. இனி நான் கூப்பிட மாட்டேன். நீயே வந்து கூப்பிடு.

அம்மா